ஐந்நூறு கிலோவுக்குள் நாகலூர்

“ஐந்நூத்தி ஆறு” என்றார் எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி, எட்டாவது ஆளை மேடைத் தராசிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டு.

பாக்கியநாதன் நோட்டில் எழுதியிருந்த எட்டு எண்களையும் மறுபடி கூட்டினார். மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் ஐந்நூற்றி ஆறுதான், கீழிருந்து மேலாகக் கூட்டினாலும் அதேதான். நாகலூர் மகளிர் கயிறு இழுக்கும் அணி ஆறு கிலோ அதிகமாக இருந்தது.

கயிறு இழுக்கும் போட்டியில் எட்டுப் பேரின் எடையையும் கூட்டித்தான் பிரிவு பார்ப்பார்கள். சேலத்தில் நடக்கவிருந்த மண்டலப் போட்டியில் பெண்களுக்கு ஒரே பிரிவு, ஐந்நூறு கிலோ. அதற்கு மேல் அரைக் கிலோ என்றாலும் கயிற்றைத் தொட விடமாட்டார்கள்.

“ஆறு கிலோதானுங்க சார். ஒண்ணரை மாசம் இருக்குது. கரைச்சுப்புடலாம்” என்றார் தேவசிகாமணி. அவருடைய உடம்பில் கரைப்பதற்கு எதுவும் இருந்ததில்லை, அதனால் சுலபமாகச் சொல்ல முடிந்தது.

பாக்கியநாதன், வட்டார விளையாட்டு ஊக்குவிப்பு முகமையின் ஏற்காடு கிளைக்கு ஒருங்கிணைப்பாளர். கிளை என்பது ஒண்டிக்கடை முக்கில் ஷேக் தாவூத்தின் ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த ஓர் அறை. அதில் காற்று இறங்கிய மூன்று கைப்பந்துகள், ஒரு ஈட்டி, ஒரு பீரோ, பீரோவைத் திறக்க முடியாதபடி அதன் முன்னால் போடப்பட்ட மேஜை ஆகியவை இருந்தன. மலையில் மறைந்து கிடக்கும் திறமைகளைக் கண்டுபிடித்து வளர்ப்பது கிளையின் வேலை. பதினோரு வருடத்தில் பாக்கியநாதன் இரண்டு திறமைகளைக் கண்டுபிடித்தார். ஒருவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நவம்பர் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஜனவரி மாத மண்டலப் போட்டிக்கு ஓர் அணியையாவது அனுப்பாத கிளைகள் சேலம் அலுவலகத்தோடு இணைக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. இணைப்பது என்றால் பாக்கியநாதனையும் சேர்த்துத்தான். அவர் மலையில் பிறந்தவர். கல்யாணத்துக்காகச் சேலம் போனாலே பாதி மலை இறங்குவதற்குள் பத்திரிகையை எடுத்து விசிற ஆரம்பித்துவிடுவார். மனைவி மரியசெல்விக்கு ஏற்காட்டிலேயே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள்: “நீங்க போயிட்டு வாங்க. நான் ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வந்து பாக்கறேன்.”

அந்த வாரம்தான் நாகலூர் சாலையில் அவர் அந்த எட்டுப் பேரையும் பார்த்தார். எஸ்டேட் ஜீப் ஒன்று சேற்றில் இறங்கியிருந்தது. மூன்று ஆண்கள் பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் எட்டுப் பெண்கள் கயிற்றைக் கட்டி ஜீப்பை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மூன்று ஆண்களையும் பார்க்காமலேயே போனார்கள். பாக்கியநாதனுக்கு மூன்றாவது திறமை எட்டு உருவத்தில் கிடைத்தது.

எஸ்டேட் பக்கத்திலிருந்து எதிர்ப்பு வரும் என்று பயந்துகொண்டே போனவருக்குத் தேவசிகாமணி வியப்பைத் தந்தார். ஆள் கணக்கு எழுதுவதும், மாலையில் பறித்து வரும் பழத்தை நிறுத்துக் கிலோக் கணக்கில் கூலி போடுவதும் அவர் வேலை. பழம் உலர்த்தும் சிமெண்டுக் களத்தைப் பயிற்சிக்குத் தந்தார், கயிறு தந்தார், தராசையும் தந்தார். பதிலுக்கு, அணியின் மேலாளர் என்று தன் பேரைப் போட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய கோரிக்கை. பாக்கியநாதன் உடனே போட்டுவிட்டார். இப்படிப்பட்ட மனிதர்கள் பத்துப் பேர் இருந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று மரியசெல்வியிடம் சொன்னார். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

தினமும் சாயங்காலம் பழ மூட்டைகள் தராசில் ஏறி இறங்கும். சனிக்கிழமைகளில் மூட்டைக்குப் பின்னால் அதைச் சுமந்து வந்தவர்களும் ஏறி இறங்கினார்கள்.

ஆறு கிலோவைக் குறைக்கப் பாக்கியநாதன் முதலில் நம்பியது முகமையின் வீரர் உணவு வழிகாட்டியை. முளைகட்டிய பச்சைப்பயறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, ஆவியில் வேகவைத்த காய் என்று அதில் போட்டிருந்தது. தினமும் காலையில் ஒரு தூக்குவாளி நிறையப் பயறும் இரண்டு டஜன் முட்டையும் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெண்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை தராசு ஐந்நூற்றி ஒன்பது காட்டியது.

விசாரித்ததில், பயறையும் முட்டையையும் அவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. வழக்கமான சோற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார்கள். மஞ்சள்கருவை வீணாக்க மனசு வராததால் அதையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சோத்துக்குப் பதிலா சாப்பிடச் சொன்னேன்.”

“சோத்துக்குப் பதிலா பயறு எப்படிங்க சார் ஆகும்?” என்று கேட்டாள் ஆரோக்கியசெல்வி. அவள் கேட்ட விதத்தில், வழிகாட்டியை எழுதியவர்தான் தப்புப் பண்ணிவிட்டார் என்று பாக்கியநாதனுக்கே தோன்றியது.

ஆரோக்கியசெல்விதான் அணியின் கடைசி ஆள். கயிற்றின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள். தராசில் எழுபத்தாறு கிலோ. அவள் காலை ஊன்றி நின்றுவிட்டால் கயிறுதான் அறுந்தாக வேண்டும். பாக்கியநாதன் நோட்டைப் பார்த்தார், எழுபத்தாறைப் பார்த்தார். அந்த இடத்தில் ஐம்பது கிலோ ஆள் ஒருத்தியைப் போட்டால் எல்லாக் கவலையும் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று கணக்கு சொன்னது. கணக்கு சொன்னதை அவர் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஆரோக்கியசெல்வி கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அவளோடு அவள் நாத்தனார், நாத்தனாரின் மகள், சித்தி மகள், பக்கத்து வீட்டு சுஜாதா ஆகியோரும் நடந்தார்கள். ஒருத்தியை எடுத்ததற்கு ஐந்து பேர் குறைந்தார்கள். மீதி மூன்று பேரின் எடை நூற்றெழுபத்தைந்து கிலோ, தாராளமாகப் பிரிவுக்குள் வந்தது.

அந்த மூவரில் முதல் ஆளாகக் கயிறு பிடிக்கும் ஜீவாவும் இருந்தாள். ஒல்லியான பெண். வாய் திறந்து பாக்கியநாதன் பார்த்ததில்லை. அன்றும் அவள் அவரைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பாக்கியநாதன் நேராக ஆரோக்கியசெல்வி வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு உடனே கிடைக்கவில்லை, முதலில் டீ கிடைத்தது, அப்புறம் கறிக்குழம்பு கிடைத்தது. சாப்பிட்டு முடித்தபோது நிபந்தனைகள் வந்தன. கேப்டன் ஆரோக்கியசெல்விதான். ஆளை மாற்றும் பேச்சே கூடாது. பயிற்சி முடிந்ததும் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் தர வேண்டும், ஏனென்றால் பயிற்சியால் பசிக்கிறது. பாக்கியநாதன் மூன்றுக்கும் தலையாட்டினார். கிறிஸ்துமஸ் வேறு நடுவில் வந்து போனது. வருடக் கடைசியில் தராசு ஐந்நூற்றிப் பன்னிரண்டைத் தொட்டது.

இந்தச் சமயத்தில் சேலத்திலிருந்து பர்ஹானா மேடம் போன் செய்தார். முகமையின் தொழில்நுட்ப அலுவலர், ஒருகாலத்தில் பளு தூக்கியவர், குரலிலேயே அது தெரியும். புது அணி என்பதால் எலக்ட்ரானிக் எடை மெஷினையும் ஒரு பயிற்சியாளரையும் முன்கூட்டியே மலைக்கு அனுப்பி வைக்கிறேன், அங்கேயே ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாக்கியநாதன் நன்றி சொல்லி ஒப்புக்கொண்டு, சந்தோஷமாக இதைத் தேவசிகாமணியிடம் போய்ச் சொன்னார்.

தேவசிகாமணியின் முகம் சுருங்கிப்போனது.

“ஏனுங்க சார், நம்ம தராசு மேல நம்பிக்கை இல்லீங்களா?”

அப்படியெல்லாம் இல்லை, மேடம்தான் அனுப்புகிறார் என்று பாக்கியநாதன் சமாதானம் சொன்னார்.

“முப்பது வருசமா எஸ்டேட்டு நிக்கறதே இந்தத் தராசு மேலதானுங்க. அதுக்குப் பக்கத்துல இன்னொரு மெசினக் கொண்டாந்து வெச்சீங்கன்னா எங்களுக்கு என்ன மரியாதை? அப்புறம் களத்தையும் நீங்க வேற பக்கம் பாத்துக்குங்க.”

பாக்கியநாதனுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இவ்வளவு செய்த மனிதரைப் புண்படுத்திவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார். அன்றே முகமைக்குக் கடிதம் எழுதினார். நாகலூர் அணிக்கு மெஷின் தேவையில்லை, இங்கே எஸ்டேட்டின் சொந்தத் தராசு மிகத் துல்லியமாக இருக்கிறது, அதன் எடைக்கு ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுதும்போது நன்றாக இருந்தது.

ஜனவரியில் பழம் மொத்தமாகச் சிவந்தது. விடிந்ததும் செடிக்குள் நுழைந்த பெண்கள் இருட்டும் நேரத்தில்தான் வெளியே வந்தார்கள். மதியச் சோறு பல நாள் அப்படியே திரும்பிப் போனது. பயிற்சிக்கு யாராலும் வர முடியவில்லை, அதனால் போண்டாவும் நின்றது. பாக்கியநாதன் செய்வதறியாமல் மூன்று வாரம் சும்மா இருந்தார். அந்த மூன்று வாரத்தில் எடை தானாகவே இறங்கி, போட்டிக்கு முந்தின நாள் தராசு சரியாக ஐந்நூறில் நின்றது.

தேவசிகாமணியே முன்வந்து எட்டுப் பேரின் பெயரும் எடையும் வரிசையாக எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, எஸ்டேட் சீலையும் குத்திக் கொடுத்தார். சீல் கொஞ்சம் மங்கலாக விழுந்ததால் இன்னொரு முறை குத்தினார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தேவசிகாமணியோடு சேர்த்துப் பத்துப் பேரும் மலை இறங்கினார்கள். எடை பார்க்கும்வரை யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பாக்கியநாதனின் உத்தரவு. கொண்டை ஊசி வளைவுகளில் சுஜாதா உட்பட மூன்று பேர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார்கள். அதுவும் எடைக்கு நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

மைதானத்தில் ஒரு பந்தலுக்குக் கீழே எடை மெஷின் இருந்தது. தட்டையான மேடை, அதற்கு மேல் சிவப்பு எழுத்துகள். பர்ஹானா மேடம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முதலில் கேப்டன். ஆரோக்கியசெல்வி ஏறி நின்றாள். எண்பத்தொன்று என்று சிவப்பு எழுத்து சொன்னது.

மெஷின் இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது என்று பாக்கியநாதன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எட்டாவது ஆள் இறங்கியபோது மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

பாக்கியநாதனுக்குச் சேலம் வெயில் அப்போதுதான் உறைத்தது. மலையிலிருந்து வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பது கண்ணில் பட்டது. ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றினார்கள், கொலுசைக் கழற்றினார்கள், ஹேர்பின்னைக்கூட எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். மறுபடி ஏறினார்கள். இரண்டு கிலோ குறைந்தது. இரண்டு கைகளிலும் ஸ்வெட்டரும் வளையலுமாகப் பாக்கியநாதன் நின்றார்.

பர்ஹானா மேடம் சீல் குத்திய காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

“பாக்கியநாதன் சார், இதுல இருக்கற எட்டுப் பேரும் இவங்கதானா? இல்ல, ஆளை மாத்திட்டீங்களா?”

பாக்கியநாதனுக்குக் கோபம் வந்தது. பதினோரு வருட வேலையில் அவருக்குக் கோபம் வந்த இரண்டாவது முறை அது. ஆள் இவர்கள்தான், மெஷின்தான் தப்பு என்றார். எங்கள் தராசு முப்பது வருடமாக ஒரு எஸ்டேட்டையே தாங்கி நிற்கிறது, நேற்று வந்த மெஷினுக்கு என்ன தெரியும் என்று சத்தமாகவே கேட்டார். பக்கத்து அணிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மேலாளரும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று தேவசிகாமணியைத் தேடினார். தேவசிகாமணி டீ சாப்பிட்டு வருவதாகச் சொல்லி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தார்.

பர்ஹானா மேடம் வாக்குவாதம் செய்யவில்லை. எழுந்து போய், பளு தூக்குபவர்களின் இருபது கிலோ வட்டு ஒன்றை எடுத்து வந்து மெஷின் மேல் வைத்தார். இருபது காட்டியது. இன்னொன்றை வைத்தார். நாற்பது காட்டியது. வட்டுகளை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்றார்.

“எழுபத்தொண்ணு. காலையில ஊட்டுலயும் இதேதான்.”

நாகலூர் அணி ஐந்நூற்று நாற்பத்து மூன்று கிலோ. மேஜையில் அணிகளின் பட்டியல் இருந்தது, அதில் நாகலூர் என்ற பெயரின் மேல் பேனா ஒரு கோடு இழுத்தது.

பாக்கியநாதன் பந்தல் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மரியசெல்வி வந்து பார்ப்பாள். அதைவிட, இந்த எட்டுப் பெண்களை நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கூட்டி வந்தோமே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

பெண்கள் அழவில்லை, அவரைத் திட்டவும் இல்லை. மெஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆரோக்கியசெல்வி மேஜையிலிருந்த சீல் குத்திய காகிதத்தை எடுத்துத் தன் பெயருக்கு நேரே இருந்த எழுபத்துநாலைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த மேடத்தின் தாளில் எண்பத்தொன்றைப் பார்த்தாள். காகிதத்தை ஜீவாவிடம் கொடுத்தாள். ஜீவா எட்டு வரிகளையும் பொறுமையாகப் படித்துவிட்டு மற்றவர்களிடம் கொடுத்தாள். ஒரு சுற்றுப் போய் வந்ததும் ஆரோக்கியசெல்வி அதை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

இவர்கள் இன்னும் சாப்பிடவில்லை என்பது பர்ஹானா மேடத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. பாக்கியநாதனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இட்லி வரவழைத்தார். ஒன்பது பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்.

போட்டியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் பதிவு செய்து மைதானம்வரை வந்த புது அணிக்கு முகமை ஏதாவது ஒரு விளையாட்டு உபகரணம் தரலாம் என்று விதி இருக்கிறது. மலையில் உபகரணம் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள மலையில் ஓர் அலுவலகம் இருந்தாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்படியிருக்கும்போது கிளையை எப்படி மூடுவது?

பாக்கியநாதன் எழுந்து நின்றார். கையிலிருந்த வளையல்கள் சத்தம் போட்டன.

“கண்ணு, ஏதாச்சும் ஒண்ணு கேளுங்க சாமி” என்றார் பெண்களைப் பார்த்து. “எதுவா இருந்தாலும் சரி. சின்னதா இருந்தாலும் சரி.”

பர்ஹானா மேடம் பட்டியலைப் படித்தார். புதுக் கயிறு, அடியில் தகடு வைத்த ஷூ, இடுப்புப் பட்டை, கையுறை, சீருடை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் எட்டுப் பேரும் தலைகளைச் சேர்த்துக்கொண்டு ஏதோ பேசினார்கள். ஷூவா கயிறா என்று தீர்மானிக்க இவ்வளவு நேரமா என்று பாக்கியநாதன் தவித்தார். தேவசிகாமணி டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, என்ன நடக்கிறது என்று விசாரித்தார். பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை.

கேப்டன்தான் வந்து கேட்பாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் ஜீவாவை முன்னால் தள்ளினார்கள். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேஜைக்கு அருகே வந்தாள்.

“கயிறெல்லாம் கெடக்குதுங்க மேடம். இந்த மெசினையே குடுத்துடுங்க. திங்கக்கெழமை சாயங்காலம் ரைட்டரய்யா எங்க பழத்த நிறுக்கறப்ப, அந்தத் தராசுக்குப் பக்கத்துல வெச்சுக்கறமுங்க.”